உருட்டுக்குடம்

டிரம் நீல நிறம். மூன்று குடம் தண்ணீர் பிடிக்கும். படுக்கவைத்து இரண்டு பக்கமும் பொருத்தியிருந்த கம்பிக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தால், உருண்டு நம் பின்னாலேயே வரும். அதை வடிவமைத்தவர் டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு பெண். திருப்பாலைக்குடியிலிருந்து மேற்கே உள்ளடங்கிய, விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரி ஊரில், வீட்டுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு டிரம்களைக் கொடுத்து மூன்று மாதம் புழங்கிப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். முதல் வாரமே ஊர் அதற்குப் பெயர் வைத்துவிட்டது: உருட்டுக்குடம்.

என் வேலை, வாரம் மூன்று நாள் அந்த ஊருக்குப் போய்ப் பெண்களிடம் விசாரித்து, கண்டதையும் கேட்டதையும் ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவது. எழுபத்து நான்கில் ராமநாதபுரத்தில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராகச் சேர்ந்தவன் நான். முப்பது வருடம் புயல், மீன்பிடித் தகராறு, மிளகாய் விலை, பாம்பனில் கரை ஒதுங்கியவை என்று எழுதிவிட்டு, சுனாமிக்கு அடுத்த வருடம் விலகியிருந்தேன். அந்தச் சமயத்தில் எங்கள் கடற்கரைக்கு வெளிநாட்டுக் குழுக்கள் நிறைய வந்தன. மீனவர் ஊர்களில் வேலை முடிந்தவர்கள், அடுத்து என்ன என்று பார்க்கையில், உள்ளே தள்ளிய ஊர்களில் பெண்கள் தண்ணீருக்கு நடப்பது அவர்கள் கண்ணில் பட்டது. ஆங்கிலமும் தமிழும் தெரிந்த, நடக்கத் தயங்காத ஆள் வேண்டும் என்றார்கள். என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

குழுவில் நாங்கள் நான்கு பேர். வடிவம் டென்மார்க்காரருடையது. பளு தாங்குமா, கைப்பிடி வளையுமா என்று கணக்குப் போட புனேயில் ஒரு பொறியாளர். டிரம்மை வார்க்கும் அச்சு செய்ய தைவானில் ஒரு பட்டறைக்காரர். களத்தில் நான். வியாழக்கிழமைதோறும் மதியம் இரண்டு மணிக்கு எல்லோரும் தொலைபேசியில் பேசுவோம். டென்மார்க்காரர் ராமநாதபுரத்தில் இருந்தால், அவர் தங்கியிருந்த லாட்ஜ் அறையில் செல்போனை எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்திவைத்துக் கேட்போம். அப்படி வைத்தால் சத்தம் கூடும் என்பதை ரூம்பாய் ஒருவர் சொல்லிக்கொடுத்தார்.

அந்தப் பேச்சுகளில் ஒருவரை ஒருவர் மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை. டென்மார்க்காரர் எதையாவது மாற்றலாமா என்று கேட்டால் புனேக்காரர், "செய்யலாம்" என்பார். தைவான்காரர் இரண்டு தடவை "சரி, சரி" என்பார். எனக்கு அது பிடித்திருந்தது. பத்திரிகை அலுவலகத்தில் அப்படி மரியாதையான கூட்டம் நடந்து நான் பார்த்ததே இல்லை.

அப்போது ஊரில் இருந்தவை கையால் செய்த மாதிரிகள். ஆயிரக்கணக்கில் செய்ய வேண்டுமென்றால் எஃகில் அச்சு வெட்ட வேண்டும். வெட்டிய எஃகைத் திரும்ப ஒட்ட முடியாது. ஒரு அச்சுக்குத்தான் கொடையாளர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு அச்சுக்காக டென்மார்க்காரர் இரண்டு வருடம் உழைத்திருந்தார். அச்சு வெட்டத் தொடங்கலாமா என்பதை என் மூன்றாம் மாத அறிக்கையைப் பார்த்து முடிவு செய்வதாக ஏற்பாடு.

ஊரில் குடிதண்ணீருக்கு ஒரே ஊருணி. சுற்றிலும் கரை எழுப்பி, இறங்கப் படி கட்டியிருந்தார்கள். கரைக்கு வெளியே செருப்புகள் வரிசையாகக் கிடக்கும். குடிக்கிற தண்ணீருக்குள் செருப்புக் காலோடு யாரும் இறங்க மாட்டார்கள். கால் கழுவ மாட்டார்கள். டென்மார்க்காரர் முதல் நாள் வந்தபோதே அதைப் பார்த்துத் தன் செருப்பையும் கழற்றி வரிசையின் கடைசியில் வைத்தார். பெண்களுக்கு அதில் அவரைப் பிடித்துப்போனது.

நான் எட்டு மணிக்கு அந்த ஊர் வந்து சேரும் பேருந்தில் இறங்குவேன். பதினொன்றரைக்குத் திரும்பும் பேருந்து. அதற்குள் எத்தனை வீட்டு டிரம் எத்தனை நடை போகிறது என்று குறித்துக்கொள்வேன். பெண்கள் டிரம்மை இழுத்துக்கொண்டு போய்க் கரைக்கு வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள். குடத்தோடு உள்ளே இறங்கி, மொண்டு வந்து டிரம்மில் ஊற்றுவார்கள். "டிரம்மை நிரப்பக் குடம் தேவைப்படுகிறது" என்று எழுதினேன். புனேக்காரர் அதைப் படித்துவிட்டு வரைபடத்தில் டிரம்மின் வாயை ஒரு அங்குலம் பெரிதாக்கினார்.

பிறகு ஒவ்வொரு வீடாகக் கேள்வி.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சார்."

"என்ன நல்லா இருக்கு?"

"எல்லாம் நல்லாத்தேன் இருக்கு."

"குறை ஏதாவது?"

"குறை என்னத்தச் சொல்றது? அவுக எம்புட்டுத் தூரத்துல இருந்து வந்து செஞ்சு குடுத்துருக்காக."

இதை அதிகம் சொன்னவர் மகளிர் குழுத் தலைவி. நாற்பது தாண்டிய, கூலிக்கு மிளகாய்ப் பழம் எடுக்கப் போகும் பெண். கணீரென்ற குரல். நான் தெருமுனையில் வரும்போதே, "நல்லா இருக்குன்னு எழுதிக்கங்க சார்" என்று எட்டத்திலிருந்தே சொல்லிவிட்டு மிளகாய் காயும் களத்துப் பக்கம் போய்விடுவார். நானும் எழுதிக்கொண்டேன். ஒருவர் நினைப்பதை எழுதாதே, சொன்னதை எழுது என்பது என் தொழில் எனக்குக் கொடுத்த பழக்கம். சொன்னதைத்தான் எழுதினேன். டிரம்கள் தினமும் புழக்கத்தில் இருந்தன. அதையும் எழுதினேன். அறிக்கையில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது.

புதன்கிழமை பிரவுசிங் சென்டரிலிருந்து அதை அனுப்பினேன். மறுநாள் இரண்டு மணிப் பேச்சில் டென்மார்க்காரர் அதிலிருந்து இரண்டு பத்திகளை உரக்கப் படித்தார். புனேக்காரர், "நல்ல அறிக்கை" என்றார். தைவான்காரர், எஃகு வந்து இறங்கிவிட்டது, திங்கட்கிழமை காலை வெட்டத் தொடங்கலாம் என்றார். டென்மார்க்காரர் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பேருந்து நிலையச் சத்தம் அறை முழுக்க வந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன் நான் பார்த்திருக்கவில்லை.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஊரில் நிறைவு விழா. ரேஷன் கடைக்கு முன்னால் இருந்த சிமெண்டு மேடைதான் அரங்கம். பின்னால் இரண்டு சேலைகளைக் கட்டித் திரையாக்கியிருந்தார்கள். டென்மார்க்காரருக்குச் சந்தனம் தொட்டு, துண்டு போர்த்தி, முன்வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் மொழிபெயர்க்க நான். உருட்டுக்குடத்தைப் பற்றி மகளிர் குழு ஒரு நாடகம் போடும் என்று தலைவி அறிவித்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போனார். இரண்டு வாரமாக ஒத்திகை நடந்ததாம். ஆண்களை அண்டவிடவில்லையாம்.

தலைவி மாமியாராக வந்தார். தலையில் கோலமாவு தூவி நரைக்க வைத்திருந்தார். மருமகளாக வந்த பெண் உருட்டுக்குடத்தை இழுத்துக்கொண்டு மேடையில் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"அத்தை, தண்ணி கொண்டாந்துட்டேன். இடுப்பு வலி இல்ல, கழுத்து வலி இல்ல!"

"கொண்டாந்தியா? எந்த வழியா கொண்டாந்த?"

"நம்ம தெரு வழியாத்தேன்."

"தெருவுல என்னென்ன கெடந்துச்சு?"

"என்ன கெடக்கும்? ஆட்டுப் புழுக்க, கோழி எச்சம், உங்க மகன் துப்புன வெத்தல எச்சி."

கூட்டம் சிரித்தது. சிரிப்பதைப் பார்த்து டென்மார்க்காரரும் சிரித்தார்.

"அம்புட்டு மேலயும் உருண்டு வந்தத எங்கன வைக்கப் போற? எங்க அடுப்படியிலயா?"

"வெளியதான அத்தை உருண்டுச்சு. தண்ணி உள்ளதான இருக்கு."

மாமியார் இடுப்பில் கைவைத்து நின்றார். அவசரப்படவில்லை. கூட்டம் அடங்கட்டும் என்று காத்திருந்தார்.

"ஏண்டி, செருப்பு வெளியதான இருக்கு, காலு உள்ளதான இருக்குன்னு செருப்போட ஊருணிக்குள்ள எறங்குவியா?"

பெண்கள் பக்கமிருந்து எழுந்த சத்தத்தில் ரேஷன் கடை மேலிருந்த புறாக்கள் கிளம்பின.  செருப்பு வரிசைக்குப் பக்கத்தில் நின்ற டிரம்களை மூன்று மாதம் நான் எண்ணியிருந்தேன்.

அடுத்து இரண்டு பேர் வந்தார்கள். ஒரு பெண் கணவனின் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு, முகத்தில் பவுடரை அப்பியிருந்தாள். அது டென்மார்க்காரர். இன்னொருத்தி மூக்குக் கண்ணாடியும் பையில் மூன்று பேனாக்களுமாக, நோட்டைப் பார்த்தபடியே நடந்து வந்து கம்பத்தில் முட்டிக்கொண்டாள். அது நான். ஊருக்கே அடையாளம் தெரிந்தது.

"எப்படி இருக்கு?" என்றாள் நானாக வந்தவள், தலை தூக்காமல்.

மாமியாரின் குரல் தேனாக மாறியது. "நல்லா இருக்குங்க சார். ரொம்ப நல்லா இருக்குங்க."

"என்ன நல்லா இருக்கு?"

"உங்க சட்ட நல்லா இருக்கு, பேனா நல்லா இருக்கு. எல்லாம் நல்லா இருக்கு."

அவள் எழுதிக்கொண்டே போனாள். அவள் திரைக்குப் பின்னால் போனதும் மாமியார் மருமகளைப் பார்த்தார். "போயாச்சா? கொடத்த எடு. சாரு எட்டு மணி பஸ்ஸுக்குத்தேன் வருவாரு. நாம அஞ்சு மணிக்கே குடிதண்ணி எடுத்தாந்துட்டா அவருக்கு எங்கிட்டுத் தெரியப் போகுது?"

"அப்ப உருட்டுக்கொடத்துத் தண்ணிய என்ன செய்ய அத்தை?"

"மாட்டுக்கு ஊத்து. சட்டி, ஏனம் கழுவு. குளி. நல்ல சாமாந்தேன், யாரு வேணாமுன்னா? குடிக்கத்தேன் ஆகாது."

டென்மார்க்காரர் என் பக்கம் சாய்ந்தார். "நன்றாகப் போகிறது போலிருக்கிறதே. என்ன சொல்கிறார்கள்?"

பாராட்டுகிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். திங்கட்கிழமை எஃகை வெட்டியிருப்பார்கள். நீல டிரம்கள் லாரி லாரியாக வந்து இறங்கியிருக்கும். மாடுகள் குடித்திருக்கும். என் அறிக்கையும் சரியான அறிக்கையாகவே இருந்திருக்கும். இதையெல்லாம் நான் யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. யோசித்துவிட்டு, தெருவில் கிடந்த ஆட்டுப் புழுக்கையில் ஆரம்பித்து, வரி வரியாகச் சொன்னேன். செருப்பு வசனம் வந்தபோது அவர் சிரிப்பு நின்றது. நானாக வந்தவள் கம்பத்தில் முட்டியதை அவரே பார்த்திருந்தார். ஐந்து மணிக் கதையைச் சொன்னபோது அவர் மேடையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"இது உண்மையா என்று அந்த அம்மாவிடம் கேளுங்கள்."

நாடகம் முடிந்திருந்தது. மேடைக்கு ஓரமாகப் போய்த் தலைவியிடம் கேட்டேன். மாவு இன்னும் தலையில் இருந்தது.

"அட, அது நாடகம் சார். மாமியா வேசம் கட்டுனா மாமியா மாதிரித்தான பேசணும்? அதப் போயி எடுத்துக்குவாகளா?"

"அப்ப டிரம்?"

"நல்லா இருக்கு சார். அவுக மனசு நோகக் கூடாது. வந்தவுக மொகத்துல அடிச்சாப்ல யாராச்சும் பேசுவாகளா?"

திரும்பி வந்து அதையும் அப்படியே சொன்னேன்.  டென்மார்க்காரர் துண்டை எடுத்து நாற்காலியில் வைத்தார். செருப்பைக் கழற்றினார். மேடையேறி, அங்கே கிடந்த உருட்டுக்குடத்தின் கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒரு சுற்று நடந்தார். மருமகளாக வந்தவள் செய்தது போலவே. பிறகு தலைவிக்கு முன்னால் நின்று, நாடகத்தில் அடிக்கடி காதில் விழுந்த ஒரு சொல்லைச் சொன்னார்.

"அத்தை."

கூட்டம் விசிலடித்தது. தலைவி ஒரு விநாடி திகைத்தார். அடுத்த விநாடி இடுப்புக்குக் கை போய்விட்டது.

"யாருடி இவ, சுண்ணாம்பு அடிச்ச செவரு மாதிரி? எம்மகன் இவள எங்கன புடிச்சான்?"

டென்மார்க்காரர் என்னைத் திரும்பிப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார். நான் கீழே நின்றே மொழிபெயர்க்கப் போனேன். கண்ணாடி போட்டிருந்த பெண், "மேல வாங்க சார், உங்க வேசத்த நீங்களே போடுங்க. எனக்குக் கண்ணு வலிக்குது" என்று சொல்லிக் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள்.

"நீங்கள் குடிக்க வேண்டுமென்றால் இதில் நான் எதை மாற்ற வேண்டும் அத்தை என்று கேக்குறாக" என்றேன். என் வாயிலும் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

"மாத்துறதா? மொதல்ல கைய உள்ள விடு பாப்பம்." அவர் டிரம்மின் வாய்க்குள் கையை விட்டுக் காட்டினார். முழங்கைக்கு மேல் போகவில்லை. அடியைத் தொட முடியவில்லை. "எதப் போட்டுத் தேய்க்க? பாசி புடிச்சா யாரு உள்ள போயி கழுவுறது, ஒங்க மாமனா?"

"வேறு?"

"கொடம் கொடமாத்தேன் இருக்கணும். ஒனக்கு உருட்டணும்னு ஆசையா இருந்தா சக்கரத்த உருட்டு. எங்க கொடத்த எதுக்கு உருட்டுற?"

அதற்கும் விசில். ஆனால் இந்தத் தடவை சில பெண்கள் சிரிக்கவில்லை. எழுந்து மேடைக்குப் பக்கத்தில் வந்தார்கள். ஒருத்தி, மாமியாரைப் பார்த்தே, "அத்தை, மணல்ல இழுக்கைல தோள்பட்ட இழுக்குதுன்னு அவகிட்டச் சொல்லுங்க" என்றாள். இன்னொருத்தி மூடியைப் பற்றிச் சொன்னாள். யாரும் டென்மார்க்காரரிடம் நேராகச் சொல்லவில்லை. எல்லோரும் மாமியாரிடம் சொன்னார்கள். மாமியார் மருமகளைத் திட்டினார். மருமகளாகிவிட்ட டென்மார்க்காரர் என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டார். இப்படியே அரை மணி நேரம் போனது. மூன்று மாதத்தில் எனக்குக் கிடைக்காதது அது.

ஜீப்பில் திரும்பும்போது வழி நெடுகக் கருவேல மரங்கள்தான். பாதி தூரம் வந்த பிறகு அவர் கேட்டார்: "டிரம்களை வெளியே நிறுத்துவதை நீங்கள் பார்த்தீர்கள், இல்லையா?"

"பார்த்தேன். எழுதியும் இருக்கிறேன்."

"ஏன் நிறுத்துகிறார்கள் என்று?"

"கேட்கவில்லை."

"நானும் என் செருப்பை அங்கேதான் விட்டேன்" என்றார். 

ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரையும் தொலைபேசிக்கு அழைத்தார். தைவான்காரர் வீட்டில் இருந்தார். பின்னால் தொலைக்காட்சி ஓடியது. யாரும் கேட்பதற்கு முன் நான் பேசினேன். பத்திரிகையில் தவறான செய்தி வந்தால் மறுநாள் மூலையில் சின்ன எழுத்தில் திருத்தம் போடுவோம். அதை எழுதுகிறவர் பெயர் இருக்காது. இந்தத் திருத்தத்தை என் வாயால் படிக்க வேண்டியிருந்தது. தினமும் பயன்படுகிறது என்று எழுதினேன், அது சரி. எந்தத் தண்ணீருக்கு என்று நான் கேட்கவில்லை, அது தவறு. குடிதண்ணீருக்கு ஒரு வீட்டில்கூட அது பயன்படவில்லை. நல்லா இருக்கிறது என்பது விருந்தாளிக்குச் சொல்லும் பதில். அதை நான் டிரம்மைப் பற்றிய பதிலாக எழுதிவிட்டேன்.

 டம்ளருக்குள் கேட்ட தொலைக்காட்சிச் சத்தம் நின்றது.

"வெட்ட வேண்டாம்" என்றார் டென்மார்க்காரர். சாதாரணமாகத்தான் சொன்னார். கை மட்டும் மேசை விளிம்பைப் பிடித்திருந்தது.

"வெட்டவில்லை. நாளை காலைதான்" என்றார் தைவான்காரர். பிறகு தயங்கினார். "ஒன்று சொல்லலாமா? அந்த வாய் அளவுக்கு உள்ளே அடி வரை கை போகாது. என் மனைவி படத்தைப் பார்த்தவுடனே சொன்னாள். உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நான் விட்டுவிட்டேன்."

புனேக்காரர் தொண்டையைச் செருமினார். மணலில் இழுத்தால் கைப்பிடி இணைப்பு ஒரு வருடம் தாங்காது என்பது தனக்கு இரண்டு மாதமாகத் தெரியும் என்றார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றார். டென்மார்க்காரர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

அந்த அச்சு செய்யப்படவே இல்லை. கொடையாளர்கள் மறு வருடம் பணம் தரவில்லை. டென்மார்க்காரரின் ஒப்பந்தமும் அதோடு முடிந்தது. ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன் ஒரு நாள் ராமேஸ்வரம் போய்வந்தார். என்னிடம் குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

எட்டு மாதம் கழித்து அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நான்கு குடங்கள் நிமிர்ந்து உட்காரும்படியான, இரண்டு சைக்கிள் சக்கரம் வைத்த ஒரு சட்டத்தின் வரைபடம். அச்சு வேண்டாம், எந்த வெல்டிங் பட்டறையிலும் செய்துகொள்ளலாம் என்று குறிப்பு. எங்கள் பக்கத்தில் ஏற்கெனவே பட்டறைகளில் தண்ணீர் வண்டி செய்வார்கள். இதில் மணலுக்கென்று சக்கரம் அகலம், சட்டம் பாதி எடை. கீழே வடிவமைத்தவர்கள் என்று ஐந்து பெயர்கள். ஐந்தாவது, மகளிர் குழுத் தலைவியின் பெயர்.

வரைபடத்தைத் தாளில் அச்செடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். தலைவி களத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். பெயரைக் காட்டிப் படித்தேன்.

"எம் பேரையா போட்டுருக்காக? மாமியா பேரல்ல போடணும்? பேசுனது அவதான?" என்று சிரித்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். வெயிலுக்கு எதிரே பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"சார், இங்கன கம்பி தாழ்வா இருக்கு. குனிஞ்சு தள்ளுனா இடுப்புப் போயிரும்" என்றார். "அவுகளுக்கு எழுதுங்க. நான் சொன்னேன்னே எழுதுங்க."